மரை

வலது பக்கத்துக் கப்பை, எந்தச் சைக்கிளிலும் கழற்றுகிற மாதிரிதான் கழற்றப் பார்த்தேன். ஸ்பேனரைப் பூட்டி, அதன் வாலில் இரண்டடி இரும்புக் குழாயைச் செருகி, கடிகார முள் சுற்றும் பக்கமாக உடம்பின் கனத்தையெல்லாம் இறக்கி அழுத்தினேன். பெடல் கட்டையின் அச்சைத் தாங்குகிற இந்தக் கப்பு, நம் ஊர் வண்டிகளில் வலப்பக்கம் மட்டும் இடது மரை. மற்ற மரைகள் இறுகும் திசையில் திருப்பினால்தான் இது கழலும். சைக்கிள் கடைக்கு எடுபிடியாக வரும் பையன் முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற சங்கதி இது. எனக்கும் சின்ன வயதிலேயே தெரியும். மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு நாள் ஊறப்போட்டிருந்தும் கப்பு இம்மி அசையவில்லை. மூன்றாவது முறை அழுத்தியபோது கிறீச்சென்று ஒரு சத்தம். வந்துவிட்டது என்று நினைத்தேன்.

“நிறுத்துங்க தம்பி,” என்றார் பாய். “அது கழல்ற சத்தம் இல்ல. இறுகுற சத்தம்.”

சாந்திபுரத்தில் குப்பம்–பலமநேர் சாலையோரத் தகரக் கொட்டகையில் நாற்பது வருடமாகச் சைக்கிள் பார்க்கிறவர் அவர். ஸ்பேனரை என்னிடமிருந்து வாங்கிக் கீழே வைத்தார். அச்சை முன்பே உருவியிருந்தோம். இடப்பக்கக் கப்பும் வெளியே வந்திருந்தது. அந்த வழியாகச் சுட்டுவிரலை உள்ளே விட்டு, வலப்பக்கக் கப்பின் விளிம்பைத் தாண்டி இருந்த நாலைந்து சுற்று மரையை நகத்தால் தடவினார். கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி தடவினார். பிறகு தரையில் கிடந்த இடப்பக்கக் கப்பை எடுத்து அதன் மரையையும் அதே நகத்தால் வருடினார்.

“ரெண்டும் ஒரே சாய்வு. இது இங்கிலீஷ் கணக்கு இல்ல. ரெண்டு பக்கமும் வல மரை.”

குழாயைக் கழற்றிவிட்டு, வெறும் ஸ்பேனரை மறுபக்கம் திருப்பி, கைப்பிடியில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். டக்கென்றது. அப்புறம் கையாலேயே சுற்றி எடுத்தார்.

எழுபது வருடத்துக்கு முன் பிரான்சில் ஒரு தொழிலாளி முடுக்கிய கப்பு அது. இடையில் யாரும் அதைக் கழற்றியதாகத் தெரியவில்லை. உள்ளே இருந்த பழைய கிரீஸ் தேன்மெழுகுபோல இறுகிக் கிடந்தது. அதை நான் இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் ஸ்பேனர் பிடிக்கும் முகமே சிதைந்து போயிருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

ஆங்கிலேயர் வலப்பக்கக் கப்புக்கு இடது மரை வைத்ததற்குக் காரணம் உண்டு. அச்சு சுழலும்போது குண்டுகள் கப்பின் மேல் உருண்டு உருண்டு, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்ப்பக்கம் நகர்த்தப் பார்க்கும். வல மரையாக இருந்தால் ஓட ஓடத் தானே கழன்றுவிடும். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வேறு வழி வைத்தார்கள்: இரண்டு பக்கமும் வல மரைதான், ஆனால் வலப்பக்கத்தை அசையாதபடி முடுக்கிவிடு. அளவும் வேறு. அவர்களுடைய கப்பு 35 மில்லிமீட்டர் குறுக்களவு, மரைக்கு மரை ஒரு மில்லிமீட்டர். ஆங்கிலக் கப்பு 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் 0.2 மில்லிமீட்டர், இரண்டு மூன்று தலைமுடிப் பருமன். அந்த அளவுக்குள் இரண்டு நாட்டு அளவுமுறைகளும் ஒத்துப்போகாமல் நின்றன.

இந்தச் சைக்கிள் எங்கள் வீட்டுக்கு வந்தது 1956-இல். ஆயாவுக்குப் பிறந்த ஊர் புதுச்சேரிப் பக்கம் வில்லியனூர். அவளுடைய அண்ணன் பிரெஞ்சுப் படையில் இருந்தவர். அப்படி இருந்து திரும்பியவர்களைப் புதுச்சேரியில் ‘சொல்தா’ என்பார்கள். எங்கள் வீட்டிலும் அவருக்கு அதுதான் பெயர். அப்பா கடைசிவரை ‘சொல்தா மாமா’ என்றுதான் சொன்னார். இந்தோசீனாவில் சில வருடங்கள் இருந்துவிட்டு, பென்ஷனோடு திரும்பிவந்தவர், தங்கை கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்தது இந்த வண்டி. 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டதால் சுங்கச் சாவடியில் யாரும் மறிக்கவில்லை. அதற்கு முன்பென்றால் வில்லியனூரிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவரவும் பதில் சொல்லியாக வேண்டும்.

புதுச்சேரியில் மீட்டர் கேஜ் ரயிலில் ஏற்றி, விழுப்புரம், திருவண்ணாமலை, வேலூர் வழியாகக் காட்பாடி. அங்கே இறக்கி அகலப் பாதையில் மறுபடி ஏற்றி, ஜோலார்பேட்டை தாண்டிக் குப்பம். குப்பத்திலிருந்து புதுப் பெண் மாட்டு வண்டியில் வர, தாத்தா வண்டிக்குப் பக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து வந்தாராம். அவருக்கு அப்போது ஓட்டத் தெரியாது. அவ்வளவு தூரமும் அந்தப் பெல்லை ஒரு தடவைகூட அடிக்கவில்லை, மணி தேய்ந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ என்று ஆயா சொல்வாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் மாறிவிடும்.

அந்த ஊர்களுக்கு நடுவே எத்தனை எல்லைகள் இருந்தன என்பதை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். சித்தூர் மாவட்டம் 1911-இல் வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் துண்டு துண்டாக எடுத்துச் சேர்த்தது. 1953-இல் அது ஆந்திராவுக்குப் போனது. வடக்கெல்லைப் போராட்டம் நடந்து, 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. நாங்கள் இந்தப் பக்கமே இருந்துவிட்டோம். ஒரு பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கர்நாடகம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சந்தையில் கன்னடமும் உருதும் கலந்த பேச்சு. இங்கே பிறந்தவர்களுக்கு எதிராளியின் முதல் வார்த்தையிலேயே எந்தப் பக்கம் திரும்புவது என்று நாக்குக்குத் தெரியும். பாயின் நகத்துக்கு அது இரும்பிலும் தெரிந்தது.

வண்டியின் தலைக்குழாயில் ஒரு பறவை உண்டு. சேர்ந்திருந்த அழுக்கைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்தபோதுதான் அதன் வால் இரட்டையாகப் பிரிந்திருப்பது தெரிந்தது. தகைவிலான் குருவி. பிரெஞ்சில் ‘இரோந்தெல்’. செந்த் எத்தியென் நகரத்து மானுஃபிரான்ஸ் கம்பெனியின் சைக்கிள்களுக்கு அதுதான் பெயர்.

செந்த் எத்தியெனைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது பல இரவுகள் தூங்காமல் படித்தேன். நிலக்கரி எடுத்த ஊர். துப்பாக்கி செய்த ஊர். பட்டு ரிப்பன் நெய்த ஊர். பிறகு சைக்கிள் செய்த ஊர். 1885-இல் எத்தியென் மிமார், பியர் பிளாஷோன் என்ற இருவர் தொடங்கிய இந்தக் கம்பெனியின் முழுப் பெயரிலேயே துப்பாக்கியும் சைக்கிளும் சேர்ந்தே இருக்கும். தடித்த விலைப்பட்டியல் புத்தகம் அச்சடித்து, வேட்டைத் துப்பாக்கியிலிருந்து தையல் இயந்திரம் வரை தபாலில் விற்றார்கள். துப்பாக்கியும் சைக்கிளும் ஒரே கூரையின் கீழ் வருவது விசித்திரமில்லை. இரண்டுக்கும் உள்ளுக்குள் இருப்பது குழாய் செய்யும் வித்தை. நம் ஊரில் எல்லோர் வாயிலும் புழங்கிய பி.எஸ்.ஏ. என்ற பெயரும் பர்மிங்காமில் துப்பாக்கி செய்தவர்களின் பெயர்தான்.

என்னை நிறுத்தியது பட்டுதான். எங்கள் பக்கத்தில் சாந்திபுரம், குப்பம், வி.கோட்டா, பலமநேர் என்று எங்கு திரும்பினாலும் மல்பெரித் தோட்டம், புழு வளர்க்கும் கொட்டகை. அப்பாவின் காலத்தில் இந்த வண்டியில் தினமும் ஏறியது மல்பெரிக் கட்டுதான். விடியற்காலை வெட்டிய தழையை ஈரச் சாக்கில் சுற்றி, காரியரில் ஆள் உயரத்துக்கு ஏற்றுவார். புழு நாலாம் உறக்கம் கழிந்து எழுந்தபின் ஒரு வாரம் அதன் பசிக்கு ஈடுகொடுக்க முடியாது. ராத்திரி கொட்டகைக்குள் நின்றால் மழை பெய்கிற மாதிரி இலை கடிக்கும் சத்தம் கேட்கும். அந்த ஒரு வாரமும் சைக்கிள் ஓய்ந்து நின்றதில்லை. காரியரின் பிரெஞ்சுக் கம்பிகள் அந்தப் பாரத்தில் எப்போதோ ஒடிந்திருக்க வேண்டும். இப்போது இருப்பது கட்டடக் கம்பியை வளைத்துக் கொல்லர் பட்டறையில் பற்றவைத்தது. பட்டு ரிப்பன் நெய்த ஊரில் செய்த வண்டி பட்டுப்புழுவுக்குத் தழை சுமந்து தேய்ந்ததை அந்த ஊரில் யாருக்காவது சொல்ல வேண்டும்போல இருக்கிறது.

பாரம் என்றதும் சொல்தா மாமாவின் இந்தோசீனா நினைவுக்கு வருகிறது. 1954 மார்ச் 13 முதல் மே 7 வரை தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படையை முற்றுகையிட்டிருந்த வியத்மின் போராளிகளுக்கு அரிசியும் குண்டும் மலைப்பாதை வழியே வந்துசேர்ந்ததில் சைக்கிளுக்குப் பெரிய பங்கு உண்டு. சுமார் 20,000 வண்டிகள். அவற்றில் பெரும்பகுதி பிரான்சில் செய்தவையே. ஹேண்டில்பாரில் ஒரு மூங்கிலைக் குறுக்காகக் கட்டிப் பக்கவாட்டில் நீட்டிவிட்டு, சீட்டுக் குழாயில் இன்னொரு மூங்கிலைச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தே தள்ளினார்கள். ஒரு வண்டிக்கு இருநூறு கிலோ சாதாரணம். முந்நூறுக்கு மேல் தள்ளியவர்களும் உண்டு. டயருக்குள் பழந்துணியைச் சுருட்டி அடைத்து, குழாய்களுக்கு மரத்துண்டு முட்டுக்கொடுத்து, அந்தந்தப் பாதையில் கிடைத்ததை வைத்துப் பழுது பார்த்துக்கொண்டார்கள். ஒரு பேரரசின் சைக்கிளே அந்தப் பேரரசின் தோல்விக்குச் சுமை தூக்கியது. மாமா அதைப் பார்த்தாரா, பார்த்தவர்களிடம் கேட்டாரா, தெரியாது. ஆனால் அவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம்: இது ஓட்டுற வண்டி மட்டும் இல்ல மாப்பிள்ளை, தள்ளுற வண்டியும்தான். தாத்தா குப்பத்திலிருந்து தள்ளிக்கொண்டு வந்ததற்கு அந்தப் பேச்சும் காரணமாக இருந்திருக்கலாம்.

நான் இந்த வேலையில் இறங்கியபோது என் மனதில் இருந்த சொல் ‘புதுப்பித்தல்’. அப்பா போனபின் வண்டி பத்து வருடம் புழுக் கொட்டகையின் பின்சுவரில் சாய்ந்து கிடந்தது. ஒரு மழைக்காலத்தில் சீட்டுக்கு அடியில் குளவி கூடு கட்டியிருந்ததைப் பார்த்து மனம் தாங்கவில்லை. அதைப் பழையபடி, கம்பெனியிலிருந்து வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி, ஆக்கிவிட வேண்டும் என்று எழுந்தேன். பழைய விலைப்பட்டியலின் படங்களைத் தேடிப்பிடித்து அச்சடித்து வைத்துக்கொண்டேன். பெங்களூருக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வருகிறவன் நான். குப்பத்தில் பாதிப் பேர் அப்படித்தான். அந்தப் பயணத்தில் ஆறு மாதம் படித்ததெல்லாம் பிரெஞ்சு மரை அளவுகள்.

பாய் அந்தச் சொல்லை ஒருநாளும் சொல்லவில்லை. “பழுது பாக்கணும்” என்பார். இல்லையென்றால் “ஓவராயில் பண்ணணும்” என்பார். வண்டியை முழுக்கப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து மாட்டுவதற்கு எந்த சைக்கிள் கடைப் பலகையிலும் இருக்கும் சொல் அது. ஆங்கிலத்திலிருந்து வந்த சொல்தான். எண்ணெய் என்ற பொருளையும் தானாக ஏற்றிக்கொண்டு தமிழாகிவிட்டது. ஆனால் ‘பழுது பார்த்தல்’ என்ற சொல்லை அதற்கு முன் நான் காதுகொடுத்துக் கேட்டதே இல்லை. பழுதை நீக்குவது என்றோ பழுதைத் திருத்துவது என்றோ இல்லை, பார்ப்பது. வைத்தியம் பார்ப்பது, பிரசவம் பார்ப்பது, பயிர் பார்ப்பது என்கிறோமே, அந்தப் பார்ப்பது. கூடவே இருந்து கவனித்துக்கொள்வது. புதுப்பிக்கிறவனுக்கு நடுவில் கழிந்த எழுபது வருடம் இடைஞ்சல். பழுது பார்க்கிறவனுக்கு அந்த எழுபது வருடம்தான் வண்டி.

டயர் விஷயத்தில் இது எனக்கு முதலில் உறைத்தது. இந்தச் சக்கரம் நம் பெரிய சைக்கிள்களின் 28 அங்குலச் சக்கரத்தைவிடச் சிறியது. பிரெஞ்சுக் கணக்கில் 650 பி. செந்த் எத்தியெனில் வாழ்ந்த போல் தெ விவி, ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் சைக்கிளுக்காகவே ஒரு பத்திரிகை நடத்தியவர், இந்த மாதிரிச் சிறிய வட்டமும் பருத்த டயரும்தான் கரடுமுரடான மலைச்சாலைக்கு ஏற்றவை என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர். கியர் வைத்த சைக்கிளுக்காகவும் அவர் அப்படியே வாதாடினார்; 1930-இல் அவர் இறந்து ஏழு வருடம் கழித்துத்தான் பிரான்சைச் சுற்றும் பந்தயத்தில் கியர் மாற்றியை அனுமதித்தார்கள். இதையெல்லாம் படித்த மயக்கத்தில், இதற்கான டயரைக் கடல் கடந்துதான் தருவிக்க வேண்டும் என்று மூன்று மாதம் விசாரித்துக்கொண்டிருந்தேன். சொன்ன விலையைக் கேட்டு ஒவ்வொரு தடவையும் பின்வாங்கினேன்.

ஒருநாள் பாய் ரிம்மைக் கையில் வாங்கி, சாண் போட்டு அளந்தார். கொட்டகையின் உத்தரத்தில் கொக்கியில் தொங்கிய டயர்களில் ஒன்றை இறக்கி, இரண்டு கட்டைவிரலால் விளிம்பை உள்ளே தள்ளினார். சுற்றிவர ஒரே சீராக உட்கார்ந்தது. பொம்பளைப் பிள்ளைகள் ஓட்டும் சிறிய சைக்கிளுக்குப் போடும் சாதாரண 26 × 1½ டயர். பக்கவாட்டில் சின்னதாக ஒரு எண் அச்சாகியிருந்தது: 584. டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் குறுக்களவு, மில்லிமீட்டரில். பிரெஞ்சு 650 பி-க்கும் அதே 584. பெயர்கள் வேறு, அங்குலமும் மில்லிமீட்டரும் வேறு, சக்கரம் ஒன்று. வெலோசியோ வாதாடிய சக்கரத்தை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு உருட்டிக்கொண்டு போகிறார்கள். நான் மூன்று மாதம் தேடியது என் தலைக்கு மேல் தொங்கியிருந்தது.

ஒன்றுபோலத் தெரிந்த கப்பு சேரவில்லை. வேறென்று நினைத்த டயர் சேர்ந்தது. அதன்பிறகு விலைப்பட்டியலை வீட்டில் வைத்துவிட்டுக் கடைக்குப் போகத் தொடங்கினேன்.

பெயிண்டிலும் அதேதான். மேலே இருந்தது அப்பா அடித்த கருநீலம், தூரிகை ஓடிய தடத்தோடு. அதற்குக் கீழே தாத்தா அடித்த பச்சை. சீட்டுக் குழாயின் பின்புறம் உள்ளங்கை அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தபோது, பச்சைக்கும் கீழே கம்பெனிக் கறுப்பும் அதன்மேல் மயிரிழைபோல ஒரு பொன்கோடும் வந்தன. கைவேகத்தில் முழுவதையும் தேய்த்திருப்பேன். தலைக்குழாய் அருகே வந்தபோது தாள் நின்றது. பறவைக்கு மேலும் கீழும் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வைத்த சந்தனமும் குங்குமமும் பெயிண்டுக்குள்ளேயே ஊறி, இரண்டு கருஞ்சிவப்புத் தழும்புகளாக இருந்தன. கீழ்த்தழும்பு பெரியது. அது ஆயாவின் கட்டைவிரல் என்று நான் நம்புகிறேன். உப்புத்தாளைப் போட்டுவிட்டேன். உள்ளங்கை அகலக் கறுப்பு அப்படியே திறந்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் நீலம், எண்ணெய்த் துணியால் துடைத்ததோடு சரி.

முன்கவட்டையில் இரண்டு சின்னத் துளைகள் இருந்தன. எதற்கென்று பாய்தான் சொன்னார்: வரி வில்லை திருகிய இடம். அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு உள்ளாட்சி வரி உண்டு. கட்டியவனுக்குத் தகட்டு வில்லை கொடுப்பார்கள், அது இல்லாமல் போனால் மறித்துவிடுவார்கள். பிரான்சிலும் 1893-இல் தொடங்கி 1950களின் இறுதிவரை சைக்கிள் வரியும் அதற்குத் தகடும் இருந்தன. இரண்டு அரசாங்கத்துக்கும் இதில் மட்டும் மரை ஒன்றாகவே இருந்திருக்கிறது.

இனி காட்டர் பின். பெடல் கட்டையை அச்சோடு இறுக்குகிற ஆப்பு அது; சுண்டுவிரல் நீளம், ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருக்கும், வால் பக்கம் மரையும் நட்டும். சைக்கிளில் இதைவிட அற்பமான உருப்படி இல்லை. ஓட்டுகிறவனின் கனம் முழுவதும் ஒவ்வொரு மிதிக்கும் இதன் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. சில வருடத்துக்கு ஒருமுறை நசுங்கும், மாற்ற வேண்டும். ஆங்கிலப் பின் ஒன்பதரை மில்லிமீட்டர். பிரெஞ்சுப் பின் ஒன்பது. இந்த வட்டாரத்தில் ஒன்பது மில்லிமீட்டர் பின் எந்தக் காலத்திலும் கிடைத்திருக்க வாய்ப்பில்லை. 1956-ஆம் வருடச் சட்டம் வந்து நாடே மீட்டருக்கும் கிலோவுக்கும் மாறியது. சைக்கிள் உதிரிகள் மட்டும் அங்குலத்திலேயே நின்றுவிட்டன.

அதைக் கழற்றும்போது பாய் என்னைத் தொடவிடவில்லை. பெடல் கட்டைக்கு அடியில் நடுவில் ஓட்டை போட்ட புளியமரக் கட்டையை முட்டுக்கொடுத்தார். நட்டை மரையின் நுனிவரை தளர்த்தி அங்கேயே விட்டார், அடியில் மரை மழுங்காமலிருக்க. “சின்னச் சின்னதா தட்டுனா பின் வளஞ்சிரும். ஒரே அடிதான்.” கனத்த சுத்தியலைத் தோள்வரை தூக்கி ஒரே அடி. பின் இறங்கியது; நட்டைக் கழற்றியதும் ஓட்டைக்குள் விழுந்தது. வலப்பக்கம் அப்படி. இடப்பக்கமும் அப்படி.

வலப்பக்கப் பின் சமீபத்தியது, அப்பா காலத்து அவசர வேலை. சரியாகப் பொருந்தாமல் தகரச் சீவல் வைத்து அடைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்துப் பெடல் மட்டும் பழைய பிரெஞ்சுப் பெடல். அதன் தண்டில் ‘டி’ என்ற எழுத்து, வலம் என்பதன் பிரெஞ்சு முதலெழுத்து, இன்னும் தெரிகிறது. இடப்பக்கம் ‘ஜி’ இருந்திருக்க வேண்டும். அது போய், கட்டையின் மரையையே வெட்டி நம் ஊர்ப் பெடலைப் போட்டிருக்கிறார்கள்.

இடப்பக்கப் பின்னைக் கையில் எடுத்த பாய் வெகுநேரம் அதைக் கீழே வைக்கவில்லை. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னிடமும் காட்டினார். ஒன்பதரை மில்லிமீட்டர் பின் ஒன்றை அரத்தால் ராவி ஒன்பதாக்கியிருந்தார்கள். லேத்தில் கடைந்ததில்லை, உடல் முழுக்க அரத்தின் மெல்லிய கோடுகள். அரை மில்லிமீட்டரை, உருண்டை கெடாமல், எந்தப் பக்கமும் தட்டையாகாமல், கையால் சுற்றிவர எடுப்பதென்றால் என்னவென்று நான் பிறகு முயன்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நாலு பின்னைப் பாழாக்கினேன். ஒன்றுகூட உள்ளே போய் இறுகவில்லை.

“கோடு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க,” என்றார் பாய். நான் ராவிய பின்னைப் பக்கத்தில் வைத்தார். என் கோடுகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. அதன் கோடுகள் எதிர்ப்பக்கம். “எங்கப்பாவுக்கு இடது கை.”

இதே கொட்டகையில் அவருக்கு முன் இருந்தவர் அவர் அப்பா. மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் விட்ட காலம் அது. பத்துச் சைக்கிள் வரிசையாக நிற்குமாம், என் அப்பா குரங்குப் பெடல் போட்டுப் பழகியதற்கு இந்த வண்டி உயரம் பத்தாமல் அங்கே போய்த்தான் எடுப்பாராம். தாத்தா இந்த வண்டியை அவரிடம்தான் விட்டிருக்கிறார். தாத்தாவும் இல்லை, பாயின் அப்பாவும் இல்லை. அந்தப் பின் நாற்பது, ஐம்பது வருடம் மிதி வாங்கியும் நசுங்கவில்லை. தகரம் வைத்து அடைத்தது தேய்ந்துவிட்டது. கையால் ராவியது நின்றுவிட்டது.

செந்த் எத்தியெனில் கலை, தொழில் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. ஆயுதம், ரிப்பன், சைக்கிள் மூன்றையும் அங்கே சேர்த்துவைத்திருக்கிறார்கள். அந்த ஊர்த் தொழிலாளிகள் செய்தது எல்லாம் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கிறது, இருக்கவும் வேண்டும். இந்தப் பின் எங்கே இருக்கும்? கம்பெனி செய்த வண்டியைக் கம்பெனியே எண்பதுகளில் மூடிப்போன பிறகும் ஓடவைத்தது எந்தப் பட்டியலிலும் இல்லாத கைகள். சாந்திபுரத்திலும், வாணியம்பாடியிலும், வில்லியனூரிலும் சாலையோரம் குந்தியிருந்து, அயல்நாட்டு அளவை நகத்தால் படித்து, இல்லாத உதிரியை இருப்பதிலிருந்து ராவி எடுத்தவர்கள். நாம் கோயில் கட்டிய சிற்பியின் பெயர் தெரியவில்லை என்று வருத்தப்படுகிறோம். போன தலைமுறையில் நம் சைக்கிளைப் பார்த்தவரின் பெயரையே எழுதிவைக்கவில்லை. தமிழில் கொல்லருக்கும் தச்சருக்கும் பழைய நூல்களில் இடமுண்டு. சைக்கிள் கடைக்காரருக்கு இதுவரை யாரும் ஒரு நல்ல புத்தகம் எழுதியதாக என் கண்ணில் படவில்லை. இது எனக்கு உள்ளபடியே வலிக்கிறது.

பாயின் கொட்டகையில் இன்று சைக்கிள் குறைவு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் வண்டி, பால்காரர் இரண்டு மூன்று பேர், மற்றபடி மோட்டார் சைக்கிள் பஞ்சர். மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். அரத்தைக் கையில் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். “அவன் கம்ப்யூட்டர்ல ராவுறான் தம்பி, மைக்ரான் கணக்குல,” என்றார். அதில் பெருமைதான் இருந்தது.

கப்பை வல மரையாகவே திருப்பி முடுக்கினோம். பக்கத்துக்குப் பதினொரு குண்டு, புதுக் கிரீஸில் ஒவ்வொன்றாகப் பதித்தோம். அச்சு தண்ணீரில் சுற்றுவதுபோலச் சுற்றியது. செயின் மாட்டி, கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை வைத்து, மிச்சம் இருந்தது காட்டர் பின் இரண்டு.

நான் மூன்று மாதத்துக்கு முன்பே பிரான்சிலிருக்கும் உறவினர் ஒருவரிடம் சொல்லி வாங்கிவைத்திருந்தேன். அசல் ஒன்பது மில்லிமீட்டர், ஒரு ஜோடி, காகித உறையில், பயன்படாத பழைய சரக்கு. உறையைப் பிரித்துப் பாயின் முன் வைத்தேன். அவர் ஒன்றை எடுத்து எடை பார்ப்பதுபோல உள்ளங்கையில் உருட்டினார். நல்ல சரக்கு என்றார். வலப்பக்கம் அதைப் பூட்டினார். ஒரே அடி.

இடப்பக்கத்துக்கு அவர் கை நீட்டுவதற்கு முன், அவர் அப்பா ராவிய பின்னை நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேட்டி நுனியால் அதைத் துடைத்தார். துளைக்குள் விட்டுச் சரிவு அச்சில் படிகிறதா என்று பார்த்து, புளியங்கட்டையை அண்டைகொடுத்து, சுத்தியலை எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

பின் போய் உட்கார்ந்தது. நட்டைப் பூட்டினார். மிஞ்சிய ஒரு பிரெஞ்சுப் பின்னை அதே காகித உறையில் சுற்றி, சீட்டுக்கு அடியிலிருந்த தோல் பைக்குள் வைத்து வாரை இழுத்துக் கட்டினார்.

“இருக்கட்டும் தம்பி. அடுத்து பாக்குறவனுக்கு ஆவும்.”